பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று எத்தனை தடவை பார்ப்பது?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு வயது 27. பெண் குழந்தை பிறந்து பதினோரு வாரம் ஆகிறது. இதற்கு முன் ஒரு கரு மூன்றாம் மாதமே தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை பிரசவ வலியில் இருக்கும்போது குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று சொல்லி அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது கரூர் பக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவருக்குத் திருப்பூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் காலை கிளம்பிவிடுவார்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். 2.8 கிலோவில் பிறந்தவள், பத்தாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது 4.5 கிலோ. நான்தான் சரியாக இல்லை. அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மூச்சு வருகிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் நெஞ்சைப் பார்ப்பேன். தெரியாவிட்டால் மூக்குக்குக் கீழே விரல் வைப்பேன். அப்படியும் சந்தேகமாக இருந்தால் காலைத் தொட்டு அசைத்துவிடுவேன். அவள் எழுந்து அழுதால்தான் நிம்மதி. அப்புறம் போனில் எதையாவது தேட ஆரம்பித்தால் மணி மூன்றாகிவிடும்.

அடுத்ததை எழுதவே கை நடுங்குகிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணறு இருக்கிறது. ஒருநாள் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது ‘உள்ளே போட்டுவிட்டால்?’ என்று ஒரு நினைப்பு வந்தது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அதிலிருந்து பின்கட்டுக்கே போவதில்லை. அரிவாள்மனையைப் பார்த்தாலும் அதே மாதிரி தோன்றுகிறது. காரணம் சொல்லாமல் அதைப் பரண்மேல் போடச் சொல்லிவிட்டேன். “பிள்ளை பெத்தவளுக்குப் பயம் இல்லாம இருந்தாத்தான் தப்பு” என்கிறார் அம்மா. மாமியார் தாயத்து கட்டச் சொல்கிறார்.

எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறதா? டாக்டரிடம் இதைச் சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா? மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? ஐந்தாம் மாதம் திருப்பூருக்கு, மாமியார் வீட்டுக்கு அழைத்துப்போக நாள் பார்த்திருக்கிறார்கள். அதைத் தள்ளிப்போடச் சொல்லட்டுமா?

பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

பதில்: முதல் மூன்று கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன், மீதியை ஆற அமரப் படியுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் பைத்தியத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை. இதைச் சொன்னதற்காகக் குழந்தையை யாரும் பிரித்துக்கொண்டு போக மாட்டார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. நாள் பார்த்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய அந்தக் கிணற்று நினைப்பிலிருந்தே தொடங்குவோம். கிளினிக்கிலும் இது இப்படித்தான் வெளியே வரும். தூக்கம் இல்லை, படபடப்பாக இருக்கிறது என்று எல்லாம் சொல்லி முடித்து, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு கதவுவரை போனவர், கூட வந்த அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து குரலைத் தாழ்த்துவார். ஒருவருக்குக் கிணறு, இன்னொருவருக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், வேறொருவருக்குக் குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த வெந்நீர். உலகத்தில் தனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருப்பார்.

கனடாவில் முதல் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் இதை நேரடியாகவே கேட்டுப் பார்த்தார்கள். 2008இல் அந்த ஆய்வு வெளிவந்தது. குழந்தைக்குத் தற்செயலாக ஏதாவது ஆகிவிடுமோ என்ற எண்ணம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்திருந்தது. தன் கையாலேயே குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவதுபோல், தானே விரும்பாத ஓர் எண்ணம் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வந்திருந்தது. அவர்கள் நம்மைப் போன்ற சாதாரணத் தாய்மார்கள்தான். பெரும்பாலானவர்கள் ‘சீ, என்ன நினைப்பு இது’ என்று தலையை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நீங்கள் அதைப் பிடித்து நிறுத்தி விசாரித்தீர்கள். ஒரு தாய்க்கு இப்படித் தோன்றலாமா, தோன்றினால் நான் எப்படிப்பட்டவள், நாளைக்குச் செய்தும்விடுவேனோ என்று. விசாரிக்க விசாரிக்க அது திரும்பத் திரும்ப வரும். வரக் கூடாது என்று காவல் இருந்தால் இன்னும் அதிகமாக வரும்.

எண்ணம் வேறு, ஆசை வேறு. அந்த நினைப்பு வந்ததும் உங்களுக்கு வேர்த்தது. கிணற்றுப் பக்கம் போவதை நிறுத்தினீர்கள். அரிவாள்மனையைக் கண்ணில் படாமல் செய்தீர்கள். குழந்தைக்குக் கெடுதல் செய்ய நினைக்கிறவர் செய்கிற காரியங்களா இவை? இப்படி அருவருப்போடும் பயத்தோடும் வருகிற எண்ணங்களால் குழந்தைக்கு ஆபத்து கூடுவதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. ஆபத்தான நிலை என்று ஒன்று இருக்கிறது, அது வேறு மாதிரி இருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன், உங்கள் அம்மாவையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது சரியில்லை. ஆனாலும் உங்களை நேரில் பார்க்கப்போகிற மருத்துவர் இரண்டு பெயர்களை யோசிப்பார். ஒன்று பிரசவத்துக்குப் பிந்தைய பதற்ற நோய். இன்னொன்று அதற்கு நெருங்கிய உறவான ஓசிடி. வேண்டாத எண்ணம் வருவதும், அந்தப் பயத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும் ஓசிடியின் போக்கு. இரண்டுக்கும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் பெயரில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பிரசவமான பெண்ணுக்கு ஏன் இப்படி ஆகிறது? நஞ்சுக்கொடி வெளியே வந்த சில நாட்களுக்குள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சரசரவென்று இறங்கிவிடுகின்றன. தூக்கம் துண்டு துண்டாகிறது. போதாததற்குப் பச்சைக் குழந்தையைக் காப்பாற்றியாக வேண்டும் என்று மூளையே காவலைக் கூட்டுகிறது. நல்ல காவல் நாய் திருடனைப் பார்த்துக் குரைக்கும். நாலு ராத்திரி தூங்காத நாய் இலை விழுந்தாலும் குரைக்கும். உங்கள் விஷயத்தில் அதற்கு முன்கதையும் இருக்கிறது. ஒரு கரு போனது, அப்புறம் பிரசவ மேசையில் ‘துடிப்பு குறைகிறது’ என்று காதில் விழுந்தது. அந்த வார்த்தையைக் கேட்ட ஒரு தாய் அதற்குப் பிறகு குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்த ஆபரேஷன் நாளைப் பற்றி இதுவரை யாரிடமாவது முழுதாகப் பேசியிருக்கிறீர்களா? ‘தாயும் சேயும் நலம்’ என்று எல்லாருக்கும் செய்தி போய்விடும், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது இதையும் சொல்லுங்கள்.

உங்கள் அம்மா சொல்வதில் பாதி உண்மை. பயம் எல்லாருக்கும் உண்டு. குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருவதுதான், இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். ஆனால் பதினோரு வாரம் ஆகியும் குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியவில்லை, பின்கட்டுக்குப் போக முடியவில்லை என்றால் அது ‘எல்லாருக்கும் இருக்கிறது’ என்ற கணக்கில் சேராது. இந்த நோயில் எனக்குப் பெரிய எரிச்சலே இதுதான்: வெளியிலிருந்து பார்த்தால் இது பொறுப்பு மாதிரியே தெரிகிறது. பிரசவத்துக்குப் பிறகு அழுதுகொண்டே இருக்கிற பெண்ணை வீட்டில் யாராவது கவனித்துவிடுவார்கள். குழந்தையை விட்டு நகராமல், ஒவ்வொரு துணியையும் கொதிக்க வைத்து, ராத்திரி முழுக்க விழித்திருக்கிற பெண்ணை ‘எவ்வளவு அக்கறை பாரு’ என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 100 பேரில் 22 பேருக்கு இருப்பதாக 2017இல் கணக்கிட்டார்கள். அதைப் பற்றியாவது இப்போது கொஞ்சம் பேசுகிறோம். பதற்றத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. உலக அளவில் பார்த்தால் அதுவும் 100 தாய்மார்களில் 15 பேர் அளவுக்கு இருக்கிறது.

இனி ராத்திரி விஷயம். நெஞ்சைப் பார்க்கிறீர்கள், மூச்சு இருக்கிறது, நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஆரம்பத்தில் அரை மணி நின்றிருக்கும், இப்போது ஐந்து நிமிடம்கூட நிற்காது. முதலில் பார்த்தால் போதுமாக இருந்தது, அப்புறம் விரல் வைக்க வேண்டியிருந்தது, இப்போது எழுப்பி அழவிட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவை சரிபார்க்கும்போதும் மூளை ஒரு தப்பான பாடம் படிக்கிறது: ‘நான் பார்த்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை.’ பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரு வாய்ப்பே கிடைப்பதில்லை. சிகிச்சையின் பெரும்பகுதி அந்த வாய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதுதான்.

அதற்கு முன் ஒரு விவரம். பச்சைக் குழந்தையின் மூச்சு நம்முடையதுபோல் சீராக இருக்காது. நிமிடத்துக்கு முப்பதிலிருந்து அறுபது வரை போகும். வேகமாக நாலைந்து மூச்சு விட்டு, ஐந்து பத்து விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். முதல் சில மாதங்களில் இது இயல்பு. நீங்கள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துத் திடுக்கிடுவது பெரும்பாலும் அந்த இடைவெளியைத்தான். மூச்சு இருபது விநாடிக்கு மேல் நிற்பது, உதடு நீலமாவது, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்க மறுப்பது, உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொடுவது, இவற்றில் எது வந்தாலும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இவை இல்லாதபோது கண்காணிப்பதால் குழந்தைக்குப் புதிதாக எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. எடையைப் பற்றி யாராவது ‘பால் பத்தலையோ’ என்று கிளப்பிவிட்டால் அதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். உங்கள் பெண் அந்தக் கணக்கில் நன்றாகவே ஏறியிருக்கிறாள்.

படுக்க வைக்கும்போது ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் பாருங்கள். மல்லாந்து படுத்திருக்கிறாளா, மெத்தை அமுங்காமல் இருக்கிறதா, முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லையே, யாரும் அந்த அறையில் புகை பிடிப்பதில்லையே. உண்மையான பாதுகாப்பு இவற்றில்தான் இருக்கிறது. அதன் பிறகு அவள் பாலுக்கு எழும்வரை சரிபார்ப்பதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை, அது நடக்காது. முதலில் எழுப்புவதை மட்டும் நிறுத்துங்கள். பார்க்கலாம், தொடக் கூடாது. அது பழகியதும் விரல் வைப்பதை விடுங்கள். அப்புறம் பார்க்கவேண்டும் என்று தோன்றும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், பிறகு இருபது. அந்தப் பத்து நிமிடமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும். பதற்றம் ஏறி, உச்சியில் நின்று, ஒன்றும் செய்யாமலே இறங்கும். இறங்குவதை நாலைந்து தடவை நீங்களே பார்த்துவிட்டால் அதன் மிரட்டல் குறைந்துவிடும். கிணற்றுக்கும் இதே வழிதான். முதலில் பின்கட்டு வாசல்வரை நீங்கள் தனியாகப் போவது, அப்புறம் அம்மா கூட இருக்கும்போது குழந்தையோடு போவது என்று படிப்படியாக. ஆனால் கிணறு விஷயத்தை நீங்களாகத் தொடங்க வேண்டாம். இந்தப் பயிற்சி தெரிந்த ஒரு மனநல ஆலோசகரோடு சேர்ந்து செய்வது நல்லது.

ராத்திரி போனில் தேடுவதும் சரிபார்ப்பதன் இன்னொரு வடிவம்தான். இரண்டு மணிக்குத் தேடினால் உலகத்தின் எந்த மூலையிலோ நடந்த மோசமானது மட்டும்தான் மேலே வரும். போனை அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். குழந்தையைப் பார்க்க வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு சின்ன நைட் லேம்ப் போதும்.

வீட்டில் இருப்பவர்களும் தெரியாமல் இதற்குத் தீனி போடுவார்கள். “அம்மா, மூச்சு வருதா பாரு” என்று நீங்கள் கேட்பீர்கள், “வருதும்மா, நல்லா வருது” என்று அவர் சொல்வார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பீர்கள். அன்பாகச் சொல்கிற பதில்தான், ஆனாலும் விரல் வைத்துப் பார்ப்பது செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. இதற்கு முதலில் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கிணற்றைப் பற்றியும்தான். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அம்மா, எனக்குப் பாப்பாவுக்கு ஏதாவது ஆகிடுமோன்னு பயம் அளவுக்கு மீறி வருது. வேண்டாத நினைப்பெல்லாம் வருது. நான் எதுவும் செஞ்சிட மாட்டேன், ஆனா நினைப்பு விட மாட்டேங்குது. இது ஒரு நோயாம், மருந்து இருக்காம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.” அவர் பயந்துபோய் அழலாம். இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் நீங்கள் மூச்சைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “உனக்குப் பயம் வந்திருக்கு, தெரியுது. நான் பக்கத்துலதான் இருக்கேன்.” பாப்பா மூச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தூக்கம் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. தொடர்ச்சியாக நாலைந்து மணி நேரத் தூக்கம் வேண்டும், துண்டு துண்டாக எட்டு மணி நேரம் அதற்கு ஈடாகாது. ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறையில் படுத்துவிடுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. நடுவில் அழுதால் அம்மா தூக்கிக்கொண்டு வந்து மார்பில் போடட்டும், குடித்ததும் வாங்கிக்கொண்டு போகட்டும். ஏப்பம் எடுக்க வைப்பதும் துணி மாற்றுவதும் தூங்க வைப்பதும் அவர் பாடு. பாலைப் பீய்ச்சி வைக்க முடிந்தால் அந்த எழுந்திருப்பும் மிச்சம். பீய்ச்சிய பால் சாதாரண அறைச் சூட்டில் நாலு மணி நேரம் இருக்கும், நம் ஊர் வெயிலுக்கு உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. சனி, ஞாயிறு ராத்திரிகளில் இந்த வேலை உங்கள் கணவருடையது. வாரம் முழுக்க உழைத்துவிட்டு வருகிறார், பாவம், தூங்கட்டும் என்று நீங்களே தடுத்துவிடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு ரத்தப் பரிசோதனை கட்டாயம் கேளுங்கள். ஒன்று தைராய்டு, டிஎஸ்ஹெச். பிரசவமான ஒன்றிலிருந்து நாலு மாதத்துக்குள் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி அழற்சியடைந்து, அதில் சேர்ந்திருக்கும் ஹார்மோன் அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்துவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். அச்சு அசலாகப் பதற்ற நோய் மாதிரியே இருக்கும். நீங்கள் இப்போது சரியாக அந்தக் காலத்தில் இருக்கிறீர்கள். இரண்டாவது ஹீமோகுளோபின். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு மேல் ஒரு ஆபரேஷனும் ஆகியிருக்கிறது உங்களுக்கு.

எங்கே போவது? கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம். கிளம்புவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண் இது. கட்டணம் கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேச ஆள் இருப்பார்கள். அந்த நேரத்தில் தேடுவதைவிட இது உருப்படியான வேலை. மருத்துவர் ஒருவேளை பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார். 1987இல் ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் சகாக்களும் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல், தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். காரணமில்லாமல் கவலைப்பட்டீர்களா, காரணமில்லாமல் பயந்தீர்களா என்ற கேள்விகளுக்கு ‘எப்போதாவது’ என்று டிக் அடித்துச் சமாளிக்க வேண்டாம். உள்ளதை அடியுங்கள். கிணற்றைச் சொல்ல வாய் வராவிட்டால் எனக்கு எழுதிய கடிதத்தின் நகலை நீட்டுங்கள், போதும்.

குழந்தையைப் பிரிப்பதைப் பற்றி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால்தான் தற்காலிகமாகப் பிரிக்கலாம், அப்போதும் தாய் மேற்பார்வையோடு குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறுகிற ஒரு வார்டு 2009 முதல் இருக்கிறது. உங்களுக்கு அந்த அளவுக்கு எல்லாம் தேவைப்படாது. வெளிநோயாளியாக வந்து போனாலே போதும்.

மாத்திரை எல்லாருக்கும் வேண்டியதில்லை, பேச்சு சிகிச்சையிலேயே சரியாகிறவர்கள் உண்டு. ஆனால் இத்தனை வாரம் தூங்காமல் இருக்கிற உங்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மறுக்காதீர்கள். பாலூட்டும் தாய்மாருக்கு முதலில் யோசிப்பது பெரும்பாலும் செர்ட்ராலின். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. போட்ட அன்றே வேலை செய்யாது, இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். ஓசிடி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகும். முதல் வாரம் வயிறு கலங்கலாம், படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து ‘நமக்கு ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நன்றாகிவிட்டது என்று தோன்றியதும் நிறுத்துவது அடுத்த தவறு, நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: மெடிக்கலில் கேட்டு ‘தூக்க மாத்திரை’ வாங்காதீர்கள், அக்கா போட்டதன் மிச்சத்தையும் தொடாதீர்கள். அவற்றில் சில பழக்கமாகிவிடும், சில பால் வழியாகக் குழந்தையை அசத்திவிடும்.

மாமியார் சொல்கிற தாயத்து? கட்டிக்கொள்ளுங்கள். அதில் சண்டை போட்டு உங்கள் தெம்பை வீணாக்க வேண்டாம். கட்டிய கையோடு மருத்துவமனைக்கும் போங்கள், அவ்வளவுதான். தாயத்தைக் குழந்தையின் கழுத்தில் மட்டும் கயிறு போட்டுக் கட்ட வேண்டாம், இறுக்கிவிடும். பத்தியத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும். பூண்டும் லேகியமும் இருக்கட்டும், தண்ணீரைக் குறைப்பதையும் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பதையும் மட்டும் விட்டுவிடுங்கள். காலையில் அரை மணி நேரம் வெயிலில் நடந்துவிட்டு வாருங்கள். காபியை ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள், படபடப்பு பாதி அதில் இருக்கும்.

அடுத்த பத்தி உங்கள் அம்மாவுக்கும் கணவருக்கும். பிரசவ மனநோய் என்று ஒன்று உண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று இரண்டு பேருக்கு வருவது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். அதில் அந்தப் பெண்ணுக்குத் தூக்கமே தேவைப்படாததுபோல் இருக்கும், சோர்வும் தெரியாது. யாரோ பேசுவது காதில் கேட்கும். குழந்தை மாறிவிட்டது, குழந்தைக்குள் தெய்வமோ பேயோ இருக்கிறது, இதைக் கொன்றால்தான் மோட்சம் என்பதுபோல் உறுதியாக நம்புவார். பேச்சு கோர்வையில்லாமல் போகும், வீட்டு ஆட்களையே சந்தேகப்படுவார். அந்த எண்ணங்களைக் கண்டு அவர் பயப்பட மாட்டார், அவை சரி என்றே அவருக்குத் தோன்றும். கடிதம் எழுதி ‘எனக்கு என்ன ஆச்சு’ என்று கேட்கவும் மாட்டார். அதனால் கவனிக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள். அப்படி எது தெரிந்தாலும், அல்லது ‘நான் செத்துவிட்டால் தேவலை’ என்று அவர் சொன்னாலும், தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 108ஐக் கூப்பிடலாம். விடியட்டும், நல்ல நாள் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி திருப்பூர். பயந்துகொண்டு தள்ளிப்போடச் சொல்ல வேண்டாம். அங்கே போனால் கணவர் தினமும் ராத்திரி கூட இருப்பார், உங்களுக்கு இப்போது அதுதான் பெரிய உதவி. நாளுக்கு இன்னும் ஆறேழு வாரம் இருக்கிறது. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துச் சிகிச்சை தொடங்கிவிட்டால் கிளம்புவதற்குள் ஒரு மாற்றம் தெரிந்துவிடும். தெரியவில்லை, இன்னும் சரியாகத் தூங்க முடியவில்லை என்றால் அப்போது ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள், “டாக்டர் சொன்னார்” என்று என் தலையில் போட்டுவிடுங்கள். போவதற்கு முன் கணவரிடம் ஒன்றை மட்டும் பேசி வையுங்கள். ராத்திரி ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை குழந்தை யார் பொறுப்பு, மாமியாரா, அவரா என்று. அங்கேயும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கரூரில் எழுதிக்கொடுத்த சீட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவையும், கைவசம் ஒரு மாதத்துக்கான மாத்திரையையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.